உடல் கொண்ட வரலாறு – 17: வெளிவாசல்

உண்ட உணவு பெருங்குடலை அடைந்து, தன்னிடமிருந்த நீரின் பெரும்பகுதியை உடலுக்கு ஈந்துவிட்டு, இனித் தங்க இடமின்றி நிற்கும் கட்டத்தில் சென்ற இதழின் கட்டுரையை நிறுத்தியிருந்தோம். எஞ்சியிருப்பது ஒரே ஒரு வாயில். பல்லைப் பற்றியும் நாவைப் பற்றியும் இரைப்பையைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய நூலாசிரியர்கள் பலர், இவ்விடத்தை நெருங்கியதும் நாணத்தினாலோ அவசரத்தினாலோ இரண்டொரு வரிகளில் கடமையை முடித்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஜீவராசிகளின் சரித்திரத்தில் வாய் ஏறக்குறைய நிலைத்த ஓர் அவயவம். ஒருமுறை தோன்றியபின் பெரும்பாலும் தொடர்ந்து வந்திருக்கிறது. அபானத்துவாரமோ இல்லாதிருந்து உண்டாகி, உண்டானபின் சில குலங்களில் மறைந்து, வேறு சிலவற்றில் ஒன்று பலவாகி, இன்னும் சிலவற்றில் மூச்சுக்கும் பிரசவத்துக்கும் பொதுவழியாகி, எத்தனையோ மாறுதல்களைக் கண்டிருக்கிறது. மாறுதல் மிக்க இடத்தில்தான் வரலாற்றாசிரியனுக்கு வேலையும் மிகுதி.

இந்த வரலாற்றைத் தொடங்கக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. சேலத்திலிருந்து திருச்செங்கோட்டுக்குப் போகும் சாலையில் ஆட்டையாம்பட்டிக்கு அப்பால் உள்ள மல்லசமுத்திரத்தையும், அதைச் சூழ்ந்த பருத்திக் காடுகளையும் குச்சிக்கிழங்குக் காடுகளையும் விட்டு நாமக்கல் நோக்கிச் செல்பவர் எவரும், நீண்டு கிடக்கும் கோழிப்பண்ணைக் கொட்டகைகளைக் காணாமல் செல்ல முடியாது. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1997இல் நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்னரே இச்சமவெளி முட்டைக்குப் பேர்போன சீமையாகிவிட்டது. நாள்தோறும் இங்கிருந்து கோடிக்கணக்கில் புறப்படும் முட்டைகள் எந்த வாயில் வழியாக வெளிவருகின்றனவோ, அதே வாயில் வழியாகத்தான் அப்பறவையின் எச்சமும் சிறுநீரும் வெளிவருகின்றன. இச்செய்தியைப் பண்ணைக்காரர்கள் நன்கு அறிவர். முட்டையை உண்ணும் நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை.

பண்ணையில் பழகியவர்கள் ஒரு கோழியைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது அதன் எச்சவாயைத்தான். அது அகன்று, ஈரம் பாய்ந்து, வெளுத்திருந்தால் கோழி முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது; சுருங்கி, உலர்ந்து, மஞ்சள் ஏறியிருந்தால் நின்றுவிட்டது. அதன் இருபுறத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய இடுப்பெலும்பு முனைகளுக்கிடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைகின்றனவா என்றும் தொட்டுப் பார்ப்பார்கள். இந்தப் பரீட்சைக்குப் பின்னே தெளிவான காரணம் உண்டு. மக்காச்சோளத் தீவனத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமி, முட்டையிடாத பறவையின் தோலில் தங்குகிறது. முட்டையிடத் தொடங்கியதும் அது மஞ்சள்கருவுக்குத் திருப்பப்பட்டுத் தோல் வெளுக்கிறது. அவ்வாறு வெளுக்கும்போது முதன்முதல் நிறம் இழக்கும் இடம் எச்சவாயின் ஓரந்தான். கண்ணோரமும் அலகும் கால்களும் பின்னரே வெளுக்கின்றன. புத்தகம் படியாத ஒரு பண்ணையாள் ஒரு நொடியில் செய்யும் நிர்ணயத்தில் இவ்வளவு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது.

வெளியே குறுக்கான ஒரு பிளவாகத் தெரியும் அவ்வாயிலின் உள்ளே மூன்று அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. குடல் வந்து முடிவது உள்ளறை. சிறுநீரகக் குழாய்களும் முட்டைக்குழாயும் வந்து திறப்பது நடு அறை. இவ்விரண்டையும் கடந்து வெளியுலகை ஒட்டியிருப்பது மூன்றாம் அறை. மூன்றும் சேர்ந்ததைப் பொதுப்புழை என்று நம் பாடநூல்கள் வழங்குகின்றன. இங்கே நிகழும் காரியம் நாம் எதிர்பாராதது. நடு அறைக்கு வந்த சிறுநீர் நேரே வெளியேறிவிடுவதில்லை. குடலின் சுவர் எதிர்த்திசையில் அலைபோல் அசைந்து அதைப் பின்னோக்கிக் குடலுக்குள்ளேயே ஏற்றிவிடுகிறது. அங்கே அதிலுள்ள நீரும் உப்பும் உடலுக்குத் திரும்பக் கிடைக்கின்றன. மிஞ்சியது வெண்மையான யூரிக் அமிலக் குழம்பாகி மலத்தின் மேல் படிந்து வெளிவருகிறது. கோழி எச்சத்தின் மேல் நாம் காணும் வெள்ளை அதுவே. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையின் கீழ் நிற்கும் பறவைக்கு இந்தச் சிக்கனம் எவ்வளவு பெரிய துணை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அழுக்கும் முட்டையும் ஒரே வழியில் வருவதானால் முட்டை எப்படிச் சுத்தமாக வருகிறது என்ற கேள்வி இயல்பாக எழும். முட்டை உருவாக ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் போல ஓடு கட்டும் அறையிலேயே கழிகிறது. கடைசிக் கணத்தில் முட்டைக்குழாயின் இறுதிப்பகுதி உட்புறம் வெளியாகப் புரண்டு, பொதுப்புழையைக் கடந்து வாயில்வரை நீண்டு, முட்டையை நேரே வெளியில் விடுகிறது. அந்த வேளையில் குடலின் வழி அழுத்தி மூடப்பட்டுவிடுகிறது. புரண்ட பகுதி உடனே உள்ளே திரும்பிவிட வேண்டும். பருமனான முட்டையிட்ட இளங்கோழிகளில் சில சமயம் அது திரும்பாமல் செந்நிறமாக வெளியே தங்கிவிடுவதும், மற்றக் கோழிகள் அதைக் கொத்திக் கொத்தி அப்பறவையின் உயிரையே போக்கிவிடுவதும் பண்ணைக்காரர்கள் அஞ்சும் துயரங்களில் ஒன்று. கூண்டுக் கோழிகளுக்கு மூக்கு வெட்டும் வழக்கத்துக்கு இக்கொத்தலும் ஒரு முக்கிய காரணம்.

கோழியின் இவ்வாயிலைக் கூர்ந்து நோக்கியதனால் மனிதன் பெற்ற அறிவு இரண்டு துறைகளில் பெருகியது. ஒன்று வியாபாரத்தைச் சேர்ந்தது. பொரித்த அன்றே குஞ்சு சேவலா பெட்டையா என்று வெளித்தோற்றத்தால் அறிய முடியாதிருந்த காலத்தில், ஜப்பானிய மிருக வைத்திய அறிஞர் கியோஷி மசுயி, ஒருநாள் குஞ்சின் எச்சவாயை மெல்ல விரித்துப் பார்த்தால் சேவற்குஞ்சில் குண்டூசித் தலையளவு ஒரு சிறு மேடு தெரியும் என்பதை 1920களில் கண்டறிந்தார். 1927இல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழி மாநாட்டில் அதை வெளியிட்டார். ஹஷிமோட்டோ என்பாருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1933இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன்பின் ஜப்பானிய நிபுணர்கள் கடல் கடந்து சென்று, மணிக்கு ஆயிரம் குஞ்சுகள்வரை பிரித்துக் காட்டினர். பின்னாளில் இறகின் நீளத்தாலும் நிறத்தாலும் பிரித்தறியத்தக்க இனங்கள் வந்தன. எந்த முறையில் பிரித்தாலும், முட்டைக்கோழி இனத்துச் சேவற்குஞ்சுகளுக்கு அந்த முதல்நாளே பெரும்பாலும் கடைசி நாளாகிவிடுகிறது என்பது என் மனத்தை உறுத்தும் செய்தி. அதை மறைத்து இவ்வரலாற்றை எழுதுவது முறையாகாது.

மற்றொன்று மருத்துவத்தைச் சேர்ந்தது; அதன் கதை நானூறு ஆண்டு நீளமானது. இத்தாலியில் பதுவா நகரத்துப் பேராசிரியரும், இரத்த ஓட்டத்தைக் கண்ட வில்லியம் ஹார்வியின் ஆசிரியருமான ஃபப்ரீசியஸ், பொதுப்புழையின் மூன்றாம் அறைக்கு மேற்புறத்தில் ஒரு சிறு பை தொங்குவதைக் கண்டு எழுதினார். அவர் இறந்தபின் 1621இல் அச்சான நூலில், அது சேவலின் விந்தைச் சேமித்து வைக்கும் பை என்று கருத்துரைத்திருந்தார். சேவலிடத்தும் அதே பை இருக்கிறது. பறவை பருவமடைந்ததும் அது சுருங்கி மறைந்தும் போகிறது. ஆகவே ஃபப்ரீசியஸ் சொன்ன உபயோகம் பொருந்தாது. பொருத்தமான விடை கிடைக்க மூன்றேகால் நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த புரூஸ் கிளிக், குஞ்சுகளின் இப்பையை அறுத்து நீக்கி என்ன நேர்கிறதென்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்படையாக ஒன்றும் நேரவில்லை. அவருடைய தோழர் திமத்தி சாங், மாணவர்களுக்கு நோயெதிர்ப்புப் பொருள் உண்டாவதைக் காட்டவேண்டி, கைக்குக் கிடைத்த அக்கோழிகளையே வாங்கி அவற்றில் சால்மொனெல்லாக் கிருமியின் சத்தைச் செலுத்தினார். பை நீக்கப்பட்ட கோழிகளில் எதிர்ப்பொருள் உண்டாகவேயில்லை. வகுப்பறைக் காட்சி தோல்வியுற்றது. ஆனால் அத்தோல்வியில் ஒரு பெரிய உண்மை வெளிப்பட்டது. பெரிய விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று ஏற்க மறுத்த அக்கட்டுரை, 1956இல் கோழியியல் பத்திரிகை ஒன்றில் வெளிவந்து, பல ஆண்டுகள் மருத்துவ உலகின் பார்வைக்கே எட்டாமல் கிடந்தது. 1965இல் மினசோட்டாவில் மேக்ஸ் கூப்பரும் ராபர்ட் குட்டும் அவ்வழியே ஆராய்ந்து, உடலின் காவற்படையில் இருவகை அணுக்கள் உண்டென்று நிறுவினர். எதிர்ப்பொருள் சுரக்கும் வகைக்கு இன்று வழங்கும் ‘பி அணு’ என்ற பெயரின் முதலெழுத்து, ‘பர்சா’ என்னும் இந்தக் கோழிப்பையின் பெயரிலிருந்து வந்ததே. நமக்கு அப்பை இல்லை. எலும்பு மஜ்ஜையே அவ்வேலையைச் செய்கிறது. நாமக்கல் பண்ணைக்காரர்கள் அஞ்சும் கம்போரோ நோய், குஞ்சின் இந்தப் பையைத்தான் தாக்கி அழிக்கிறது. அதனால்தான் அந்நோய் கண்ட குஞ்சுகளில் மற்ற நோய்களுக்கு இட்ட தடுப்பு மருந்தும் பலிக்காமல் போகிறது.

கோழிக்கு இப்பொதுப்புழை எங்கிருந்து வந்தது? தவளை, பல்லி, பாம்பு, முதலை எல்லாவற்றுக்கும் அதுவே அமைப்பு. ஆகவே நாற்காற் பிராணிகளின் பழம்பெரும் குலச்சொத்து அது. கல்லாகிப்போன டைனோசர்களின் எலும்பு கிடைக்கும், சாணங்கூடக் கிடைக்கும். மகாராஷ்டிரத்துப் பிஸ்துரா என்னும் ஊரில் அத்தகைய சாணக்கற்கள் ஏராளம். ஆனால் மென்மையான இவ்வாயில் கல்லாவது மிக அரிது. சீனத்தில் கிடைத்து ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருக்கும் சிட்டகோசாரஸ் என்ற கிளிமூக்கு டைனோசரின் உடலில், தோலோடும் நிறத்தோடும் அது பதிந்திருப்பதை 2021இல் ஜேக்கப் வின்தரும் அவர் தோழர்களும் விவரித்தனர். அப்பிராணி பறவைகளின் நேர் மூதாதையன்று, தூரத்து உறவு. எனினும் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அதன் வாயில், இருமருங்கும் கருநிறம் பாய்ந்த உதடுகளோடு, முதலையின் வாயிலை ஒருவாறு ஒத்திருந்தது என்பது தெரியவந்தது.

இன்னும் பின்னோக்கிச் செல்வோமானால் வாயிலே இல்லாத காலத்தை அடைவோம். நம் ஏரித் தண்ணீரில் பாசியில் ஒட்டி வாழும் ஹைடிராவுக்கு ஒரே துவாரம். உண்பதும் உமிழ்வதும் அதன் வழியே. ஆட்டின் ஈரலைக் கெடுக்கும் தட்டைப்புழுவும் அப்படியே. நாடாப்புழு குடலையே துறந்துவிட்டது. பிறர் செரித்த உணவில் மூழ்கிக் கிடப்பதற்குத் தனிக்குடல் எதற்கு? ஒற்றைத் துவாரத்தில் வாழ்வதன் கஷ்டம் என்னவெனில், முன்னுண்டது கழியும்வரை பின்னுண்பது இயலாது. இருபுறமும் திறந்த குடல் கிடைத்ததும் உணவு ஒரே திசையில் ஒழுகத் தொடங்கியது. அரைப்பது ஓரிடம், கரைப்பது ஓரிடம், உறிஞ்சுவது ஓரிடம், நீரை மீட்பது ஓரிடம் என்று குடலின் பகுதிகள் தத்தம் தொழிலில் தேர்ச்சி பெற்றன. உடல் நீண்டது, பெருத்தது, வேகங்கொண்டது. விலங்கினத்தின் பிற்காலப் பெருமைகளுள் பாதி இந்தத் திறப்பினால் விளைந்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது.

அத்திறப்பு முதலில் எங்ஙனம் உண்டாயிற்று என்பது பற்றி அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. வியன்னாவைச் சேர்ந்த கார்ல் குரோபன் 1908இல் விலங்குகளை இரு பெரும் பிரிவாக வகுத்தார். கருவில் முதன்முதல் தோன்றும் துளை வாயாக மாறுபவை ஒரு பிரிவு. அத்துளை குதமாக மாற, வாய் பின்னர்த் தோன்றுபவை மற்றொரு பிரிவு. மண்புழுவும் பூச்சியும் நத்தையும் முந்தியதில். நட்சத்திர மீனும் நாமும் பிந்தியதில். பல தலைமுறை மாணவர்கள் இதை மனனம் செய்தார்கள். ஆனால் முந்திய பிரிவைச் சேர்ந்த பிரியாப்புலஸ் என்ற கடற்புழுவின் கருவில் முதல் துளை குதமாகவே மாறுகிறது என்று 2012இல் காட்டப்பட்டபோது, அந்த அழகிய வகுப்பு பழைய உறுதியோடு நிற்க முடியாமற் போயிற்று. அதற்கு முன்னரே 2008இல் ஆண்ட்ரியாஸ் ஹெய்னோலும் மார்க் மார்ட்டின்டேலும், குதமே இல்லாத அசீல் என்ற சிறுபுழுவை ஆராய்ந்து, அதன் ஒற்றை வாயிலும் நம் வாயும் ஒன்றே என்பதற்கு மரபணுச் சான்று தந்தார்கள். மற்ற விலங்குகளின் பின்குடலில் விழித்தெழும் மரபணுக்கள் சில, அப்புழுவில் ஆண்குறித் துவாரத்தருகே விழித்தெழுவதையும் கண்டார்கள். விந்து செல்லும் வழியோடு குடல் இணைந்ததனால்தான் சில குலங்களில் குதம் பிறந்தது என்ற ஊகத்துக்கு அது இடமளித்தது. அம்மரபணுக்களுள் ஒன்றான பிராக்கியூரி, பாரிஸில் டோப்ரோவோல்ஸ்கயா-சவட்ஸ்கயா என்ற ருஷ்ய மாதரசி 1927இல் விவரித்த குட்டைவால் சுண்டெலியிலிருந்து நமக்குத் தெரியவந்தது. இந்த ஊகம் முற்றிலும் மெய்யாவதற்கு இன்னும் பல சான்றுகள் வேண்டும். குதம் ஒரே தடவை அல்லாமல் பல தடவை தனித்தனியே தோன்றியிருக்கலாம் என்பதே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது.

அவ்வாறு எண்ணத் தூண்டும் சாட்சி ஒன்று கடலில் மிதக்கிறது. கண்ணாடிபோன்ற உடலுடைய சீப்பு ஜெல்லி ஒன்றுக்கு நிரந்தரமான குதமில்லை. கழிவு சேர்ந்ததும் குடல் வீங்கி வெளித்தோலைத் தொட்டு, இரண்டும் ஒட்டித் துளையாகி, கழிவு போனதும் துளை இருந்த இடமே தெரியாமல் மூடிக்கொள்கிறது. வளர்ந்த பிராணியில் மணிக்கொரு முறையும், இளம் பிராணியில் பத்து நிமிடத்துக்கொரு முறையும் இவ்வாறு நிகழ்வதாக 2019இல் சிட்னி டாம் எழுதினார். தோன்றித் தோன்றி மறையும் இவ்வாயிலைக் கண்டபின், நிரந்தர வாயிலுக்கு முந்திய நிலை எதுவாயிருக்கும் என்று மனம் ஆராயத் தொடங்குகிறது. பாறைகளிலும் தேடுகிறார்கள். அமெரிக்காவின் நெவாடாவில் சுமார் 55 கோடி ஆண்டுப் பழமையுள்ள குழாய்ப் பிராணிகளுக்குள் குடலின் தடம் கண்டதாக 2020இல் அறிவித்தார்கள். சீனத்தில் கிடைத்த சாக்கோரைட்டஸ் என்ற பைபோன்ற நுண்பிராணியை, குதமற்ற நம் ஆதி உறவினர் என்று 2017இல் கொண்டாடினார்கள். ஐந்தே ஆண்டுகளில், துவாரங்கள் என எண்ணப்பட்டவை ஒடிந்த முட்களின் அடிகள் என்று தெளிந்து, அதைப் பூச்சியினத்தின் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

பெற்றதை இழந்தோரும் உண்டு. நொறுங்கு நட்சத்திரம் என்னும் கடற்பிராணிக்கு அதன் முன்னோர்க்கு இருந்த குதமில்லை. நம் ஊர்த் திண்ணையோரப் புழுதியில் கூம்புக்குழி பறித்து எறும்புக்குக் காத்திருக்கும் குழிநரிப் புழுவுக்கு நடுக்குடல் பின்குடலோடு இணைவதேயில்லை. இளமை முழுதும் சேர்ந்த கழிவை, இறகு முளைத்துப் பறக்கும் பருவத்தில்தான் அது வெளியேற்றுகிறது. ஏரித்தண்ணீரில் வாழும் தட்டானின் இளம்புழுவோ பின்குடலுக்குள் செவுள் அமைத்துக்கொண்டு, அவ்வழியே நீரை இழுத்து மூச்சுவிடுகிறது. ஆபத்து நேர்ந்தால் அந்நீரையே வேகமாகப் பீய்ச்சி முன்னே பாய்கிறது. இராமேசுவரத்துக் கடலிலுள்ள கடலட்டையும் அவ்வழியேதான் சுவாசிக்கிறது. 2001 முதல் அதைப் பிடிப்பது நம் நாட்டில் சட்டவிரோதம். ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரக் கடற்கரையில் கடற்பஞ்சுக்குள் வாழும் ராமிசில்லிஸ் என்ற புழுவுக்குத் தலை ஒன்று. கிளைத்துக் கிளைத்துச் செல்லும் உடல் முனை ஒவ்வொன்றிலும் ஒரு குதம்.

இனிப் பாலூட்டிகளிடம் வருவோம். இக்குலத்தில்தான் பழைய பொதுப்புழை பிளந்து, மலத்துக்கு ஒரு வழியும் மற்றவற்றுக்கு வேறு வழியுமாகப் பிரிந்தது. ஆஸ்திரேலியாவின் வாத்தலகுப் பிராணி போன்ற மிகச் சில மட்டும் முட்டையிட்டுப் பாலூட்டுவதோடு, பழைய ஒற்றை வாயிலையும் விடாது வைத்திருக்கின்றன. மனித சிசுவும் கருவில் நான்காம் வாரத்தில் பொதுப்புழையோடுதான் இருக்கிறது. குடலுக்கும் மூத்திரப் பைக்கும் இடையே ஒரு தடுப்பு மேலிருந்து கீழாக இறங்கி, ஏழாம் வார அளவில் அறையை இரண்டாகப் பிரிக்கிறது. பின்னர்க் குதத்தை மூடியிருந்த மெல்லிய சவ்வு கிழிந்து வழி திறக்கிறது. அத்தடுப்பு வந்து இறங்கும் இடத்தைத்தான், குதத்துக்கும் குறிக்கும் இடையே, யோக நூல்கள் மூலாதாரம் என்று போற்றின. சுசுருத சம்ஹிதை குதத்தில் மூன்று வளையங்களை வகுத்துப் பெயரிட்டிருப்பதும், அறுவை வைத்தியர்கள் அவ்விடத்தை எவ்வளவு கவனமாக நோக்கினர் என்பதைக் காட்டுகிறது.

சுமார் நாலு சென்டிமீட்டர் நீளமே உள்ள நம் குதவழியில் இரு தோற்றங்களின் எல்லை இருக்கிறது: மேற்பகுதி குடலிலிருந்தும், கீழ்ப்பகுதி வெளித்தோலிலிருந்தும் வந்தது. மேலே உண்டாகும் மூலம் வலியின்றி இரத்தம் கசிவதும், கீழே உண்டாவது சகிக்கமுடியாது வலிப்பதும் இதனாலேயே. உள்தசை வளையம் நம் இச்சைக்கு உட்படாது; வெளிவளையம் உட்படும். வந்திருப்பது வாயுவா மலமா என்பதை அச்சிறுவழியின் நரம்புகள் தொட்டறிந்து மூளைக்கு அறிவிக்கின்றன. கூட்டமாக வாழும் பிராணியின் கௌரவம் பெரிதும் அந்த நரம்புகளைச் சார்ந்திருக்கிறது.

கருவில் அத்தடுப்போ திறப்போ பிழைபடுவதும் உண்டு. சுமார் ஐயாயிரம் பிரசவத்துக்கு ஒரு சிசு, வாயில் மூடியோ இடம் மாறியோ பிறக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஏஜினா தீவின் வைத்தியர் பவுல், மூடிய சவ்வைத் திறக்கும் வழியை எழுதிவைத்தார். 1982இல் ஆல்பர்ட்டோ பெஞ்ஞா வெளியிட்ட அறுவை முறை, கடினமான நிலைகளையும் சீர்படுத்த வழி செய்தது. இன்று அத்தகைய குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் காலத்தே கண்டறியப்பட்டால் பிழைத்து நன்றாக வாழ்கிறார்கள். ஆகவே, வீட்டில் குழந்தை பிறந்திருக்கும் தாய்மார்களையும் பாட்டிமார்களையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்று உண்டு. குளிப்பாட்டும் முதல்நாளே சிசுவின் ஆசனவாய் திறந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கருமலம் முதல் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வந்ததா என்பதோடு, எந்த வழியாக வந்தது என்பதையும் பாருங்கள். பெண் குழந்தைகளில் அது பிறப்புறுப்பின் அருகே வேறு சிறு துளை வழியாக வந்து, எல்லாம் சரியாக இருப்பதுபோல் ஏமாற்றிவிடக்கூடும். ஐயம் சிறிதே எழுந்தாலும், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் காத்திராமல், குழந்தை அறுவை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு அன்றே கொண்டுசெல்லுங்கள்.